பருத்திப் பூவும் உபகாரச் சம்பளமும்

பெரம்பலூரிலிருந்து ஆத்தூருக்குப் போகும் சாலையில் பஸ் ஏறி உட்கார்ந்தால், சற்று நேரத்திற்கெல்லாம் பச்சைமலை மேற்குப் பக்கத்தில் நம்மோடு கூடவே வரத் தொடங்கும். மலையைப் பார்ப்பதா, மலையடிவாரத்து வயல்களைப் பார்ப்பதா என்று நாம் தடுமாறிக் கொண்டிருக்கையிலேயே வேப்பந்தட்டை வந்துவிடும். காவிரி பாயாத பூமி. வானத்தை நம்பி விதைத்து, வானத்தை நம்பியே அறுக்கிற ஜனங்கள் வாழும் பூமி. ஒரு பக்கம் மக்காச்சோளம், இன்னொரு பக்கம் பருத்தி. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் போகிற நேயர்கள் ஒரு நிமிஷம் இறங்கி நின்று ஒரு பருத்திப் பூவைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். இன்று காலையில் வெளிறிய மஞ்சளாய் மலர்ந்த பூ, நாளைக்குச் சிவந்து, அதன் பிறகு வாடி விழும்.

ஒரே பூவுக்கு இரண்டு நாளில் இரண்டு நிறம் எப்படி வந்தது? குடியானவருக்கு அது தினசரி காட்சி. கவிக்கு அது ஓர் உவமை. ரசாயன சாஸ்திரிக்கோ அது ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்குச் சில வருஷ உழைப்பு வேண்டும். சாராயமும் அமிலமும் கண்ணாடிக் கலங்களும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சில வருஷங்கள் ஆராய்ச்சி செய்பவனுக்கு வேளாவேளைக்குச் சோறு வேண்டும்.

இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்தது அந்தச் சோற்றைப் பற்றித்தான்.

ஒரு வீட்டுத் திண்ணையில்

வேப்பந்தட்டை தாலுகாவில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்வோம். வீடு கற்பனையே தவிர, அதில் நடக்கும் பேச்சு கற்பனையன்று. அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நடக்கக் கூடிய பேச்சு. தகப்பனாருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். தாயார் தை, மாசியில் பருத்தி எடுக்கப் போவாள். மூத்த பெண் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்து, பி.எஸ்ஸி. தேறி, திருச்சிராப்பள்ளிக்குப் போய் ரசாயனத்தில் எம்.எஸ்ஸி.யும் முடித்து விட்டாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். வீட்டுக்கு வந்தவள் ஒரு நாள் மெல்லப் பேச்சை எடுக்கிறாள்.

“அப்பா, நான் ஆராய்ச்சிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். டாக்டர் பட்டத்துக்கு.”

“இன்னும் எத்தனை வருஷம் அம்மா?”

“நாலு, ஐந்து வருஷம் ஆகும்.”

தகப்பனார் பேசவில்லை. தாயார்தான் கேட்கிறாள்: “ஐந்து வருஷத்துக்கு யார் பணம் கட்டுவது, பாப்பா? தம்பி வேறு பன்னிரண்டாவது படிக்கிறானே!”

நேயர்களே, அந்தத் தாயாரின் கேள்வியில் படிப்பின் மேல் வெறுப்பு இல்லை. வரவு செலவுக் கணக்குத்தான் இருக்கிறது. அந்தக் கணக்கிற்கு நேர்மையான விடை சொல்ல வேண்டிய கடமை நம் எல்லோருக்கும் உண்டு. ஏனெனில், விடை தெரியாத காரணத்தினாலேயே எத்தனையோ வீடுகளில் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்து போகிறது.

பஞ்சமில்லாத சாஸ்திரம் எது?

சாஸ்திரங்கள் எல்லாவற்றுக்கும் செலவு ஒன்றுதானா என்றால், இல்லை. கணித மேதை ராமானுஜனுக்குச் சென்னைச் சர்வகலாசாலை 1913-ஆம் ஆண்டில் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அவரிடம் பட்டம் கிடையாது. ஆயினும் விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். வயிற்றுப் பாட்டைப் பற்றிய கவலை நீங்கியவுடனே, காகிதமும் பேனாவும் அவருக்குப் போதுமானவையாய் இருந்தன. கணிதத்தின் பெருமை அது.

ரசாயனம் அப்படியன்று. அது அடுப்படியைப் போன்ற சாஸ்திரம். உலை வைத்தவள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்த கிரியை விடியற்காலம் நான்கு மணிக்குத்தான் முடியும் என்றால், மாணாக்கன் நான்கு மணி வரை கண் விழித்திருக்கத்தான் வேண்டும். கண்ணாடிக் குழாயில் சிலிகாப் பொடியை நிரப்பி, அதன் வழியாகக் கரைசலைச் சொட்டுச் சொட்டாய் இறக்கி, கலந்து கிடக்கும் பொருள்களைப் பிரித்தெடுப்பதற்கு ஒரு முழுப் பகல் போய்விடும். பிரித்தெடுத்த துளிப் பொருள் இன்னதுதான் என்று நிச்சயிக்கக் காந்த ஒத்ததிர்வு யந்திரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யந்திரம் இல்லாத கல்லூரியிலிருந்து வருபவன் மாதிரிக்கு இவ்வளவு என்று வேறு ஸ்தாபனத்திற்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஆதலால், காலையில் ஆராய்ச்சி, மாலையில் டியூஷன், இரவில் கடைக் கணக்கு என்று பிழைத்துக் கொண்டு ரசாயன ஆராய்ச்சி செய்வது மிகவும் கடினம். செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆராய்ச்சி நீள்கிறது, உடம்பு இளைக்கிறது, பலர் பாதியிலேயே விட்டு விடுகிறார்கள்.

ஜெர்மனி தேசத்து லீபிக் என்பவரின் கதை இதை நன்கு விளக்கும். ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு அவருக்கு ஓர் உபகாரச் சம்பளம் கொடுத்துப் பாரிஸ் நகரத்திற்குப் படிக்க அனுப்பினார். திரும்பி வந்த லீபிக் 1824-ஆம் ஆண்டில், தமது இருபத்தோராவது வயதில், கீஸன் என்னும் சிற்றூரின் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். அங்கே அவர் அமைத்த பரிசோதனைச் சாலையில்தான், மாணாக்கர் கூட்டம் ஒன்று ஆசிரியரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்து பழகும் இன்றைய முறை உருவாகி உலகமெங்கும் பரவிற்று. ஒரு பிரபு ஒரு பையனுக்குக் கொடுத்த பணத்திற்கு இவ்வளவு பலன்!

குளித்தலையிலிருந்து புறப்பட்ட பையன்

ஜெர்மனி வரையில் போவானேன்? காவிரிக்கரைக்கே வருவோம். குளித்தலையில் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3-ஆம் தேதி பிறந்தவர் டி. ஆர். சேஷாத்ரி. ஸ்ரீரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பள்ளிப் படிப்பு. 1917-இல் சென்னை ராஜதானிக் கல்லூரியில் ரசாயனம் படிக்கச் சேர்ந்தபோது ராமகிருஷ்ண மடத்தார் பொருளுதவி செய்து ஆதரித்தனர். பிறகு சென்னை மாகாண சர்க்காரின் உபகாரச் சம்பளம் பெற்று 1927-இல் இங்கிலாந்துக்குச் சென்று, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்ஸன் என்னும் பேராசிரியரிடம் பயின்று, டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். அந்த ராபின்ஸன் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர்.

திரும்பி வந்த சேஷாத்ரி கோயம்புத்தூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சில காலம் இருந்தார். 1933-இல் வால்டேரில் ஆந்திரச் சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே அவர் மாணாக்கருடன் சேர்ந்து எடுத்துக் கொண்ட பொருள்களில் ஒன்று எது தெரியுமா? பருத்திப் பூ! பருத்தி இனங்களின் பூக்களைச் சேகரித்து, சாராயத்தில் ஊற வைத்து, அவற்றின் மஞ்சள் நிறப் பொருள்களைத் தனித் தனியாகப் பிரித்து, இன்ன இனத்தில் இன்ன நிறப் பொருள் என்று கண்டு எழுதினார். கோஸிபெடின், ஹெர்பஸெடின் என்று அப்பொருள்களுக்குப் பெயர். நம் குடியானவர் வீட்டுப் பெண்கள் தினமும் கடந்து போகிற அதே பூ, உலக ரசாயனப் பத்திரிகைகளில் இடம் பெற்றது.

1949-இல் சேஷாத்ரி டில்லிச் சர்வகலாசாலைக்குச் சென்றார். 1960-இல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றுக் கொண்டது. 1975-இல் அவர் காலமாவதற்குள் அவரிடம் ஆராய்ச்சி பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர்கள் நூற்றுக்கு மேல். பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டப் பணம் கிடைத்திராவிட்டால் இவற்றில் எது நடந்திருக்கும்? கணக்குப் போடுகிற தாயார்மார் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

கொடுத்த கைகள்

நம் தேசத்தில் ரசாயன மாணாக்கருக்குச் சோறிட்ட கைகளின் வரலாறு மிகவும் பெருமை வாய்ந்தது.

ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் வங்காளத்துக் கிராமம் ஒன்றில் 1861-இல் பிறந்தவர். குடும்பத்தின் செல்வ நிலை தளர்ந்திருந்த காலத்தில் கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளப் பரீட்சையில் தேறி, அந்தப் பணத்தின் பலத்தில் 1882-இல் எடின்பரோவுக்குப் படிக்கப் போனார். தாம் பெற்றதை அவர் மறக்கவில்லை. 1921-இல் அறுபது வயது நிறைந்தபோது, அதன் பிறகு தமக்குச் சேர வேண்டிய சம்பளம் முழுவதையும் கல்கத்தாச் சர்வகலாசாலையின் ரசாயனப் பகுதிக்கே எழுதி வைத்தார். 1936-இல் ஓய்வு பெறும் வரை இப்படியே நடந்தது. அவர் குடியிருந்தது ஸயன்ஸ் காலேஜ் கட்டடத்திலேயே ஓர் அறை. உடுத்தியது எளிய உடை. சுற்றத்தார் எல்லாரும் மாணாக்கர்களே.

இன்னொருவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். இவரும் தயாள் சிங் கல்லூரி டிரஸ்டின் உபகாரச் சம்பளத்தினால் அயல் நாடு சென்று படித்தவர். 1921-இல் லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்பு லாகூரில் பேராசிரியராய் இருந்தபோது, எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனி ஒன்றுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. துளைக்கும்போது உபயோகிக்கும் சேறு, பூமிக்குள் உப்பு நீர் பட்டவுடன் கட்டியாய் இறுகி வேலையை நிறுத்தி விட்டது. பட்நாகர் நம் நாட்டுப் பிசின் ஒன்றைச் சேற்றில் கலக்கும்படி சொன்னார், சங்கடம் தீர்ந்தது. மகிழ்ந்து போன கம்பெனியார் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க முன்வந்தார்கள். “எனக்கு வேண்டாம், சர்வகலாசாலைக்குக் கொடுங்கள்” என்ற கருத்தில் அவர் பதில் சொல்லி விட்டார். அந்தப் பணத்தில் பெட்ரோலிய ஆராய்ச்சிப் பகுதி ஒன்று ஏற்பட்டது. ஆராய்ச்சி மாணாக்கர்கள் அதில் சம்பளம் பெற்றுப் படித்தார்கள். அந்தக் காலத்து ஒன்றரை லட்சம் என்றால் இன்றைக்கு எவ்வளவு என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

1942-இல் ஏற்பட்ட விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸிலுக்குத் தலைமை தாங்கி வளர்த்தவரும் இந்தப் பட்நாகர்தான். கவுன்ஸிலின் மின் ரசாயன ஆராய்ச்சிச் சாலை எங்கே அமைய வேண்டும் என்ற கேள்வி வந்தபோது, நமது அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பண்டித ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு பொங்கல் சமயத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மழை மறைவுப் பிரதேசத்தில் எழுந்த அந்தச் சாலையில் இன்றளவும் தமிழ்நாட்டு மாணாக்கர் பலர் ஆராய்ச்சி பயில்கிறார்கள்.

இன்றைய கணக்கு

சரி, பழைய கதை போதும். திண்ணையில் காத்திருக்கும் தாயாருக்கு இன்றைய கணக்கைச் சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன கவுன்ஸிலும் பல்கலைக்கழக மானியக் குழுவும் சேர்ந்து ஆண்டுக்கு இரு முறை நடத்துவதென்று ஏற்பட்டுள்ள ‘நெட்’ என்ற பரீட்சை ஒன்று உண்டு. ரசாயனம் அதில் ஒரு பாடம். எம்.எஸ்ஸி. கடைசி ஆண்டில் இருப்போரும் எழுதலாம். 55 சதவிகித மார்க் வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 50 போதும். பெண்களுக்கு வயது வரம்பில் சலுகை உண்டு. இதில் ‘ஜூனியர் ரிஸர்ச் பெல்லோ’ என்ற தகுதியைப் பெற்றவர்களுக்கு 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாயும், அடுத்த மூன்று வருஷம் 42,000 ரூபாயும் என்று ஏற்பட்டது. இதற்கு முன் 2014-இல் 25,000 ஆகவும், 2019-இல் 31,000 ஆகவும் இருந்தது. ஹாஸ்டலில் இடம் கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. சில்லறைச் செலவுக்கென்று ஆண்டுக்கு 20,000 ரூபாய் வேறு.

கூட்டிப் பாருங்கள்: இரண்டு வருஷத்தில் 8,88,000; மூன்று வருஷத்தில் 15,12,000. ஆக, ஐந்து வருஷத்தில் 24 லட்சம் ரூபாய்! “யார் பணம் கட்டுவது?” என்று கேட்ட தாயாரிடம், “நாம் கட்ட வேண்டாம், அம்மா, அவர்கள் கொடுப்பார்கள்” என்று அந்தப் பெண் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

இன்னும் சில வழிகளும் உண்டு. சர்வகலாசாலையில் முதல் இடம் பெற்றவர்களுக்கு ‘இன்ஸ்பையர்’ என்ற பெயரில் மத்திய சர்க்காரின் உபகாரச் சம்பளம் உண்டு. பிரதம மந்திரி பெயரால் 2018-இல் ஏற்பட்ட திட்டத்தில் மாதம் 70,000 ரூபாயில் தொடங்கி 80,000 வரை கொடுத்தார்கள். ஆனால் அது எண்ணிக்கையில் மிகச் சிலருக்கே. நம் ராஜ்ய சர்க்கார் முதலமைச்சர் பெயரால் ஒரு தேர்வு நடத்தி, அரசுக் கல்லூரிகளிலும் சர்வகலாசாலைகளிலும் முழு நேரமாக ஆராய்ச்சி செய்வோருக்கு மூன்று வருஷம் மாதம் 25,000 ரூபாய் என்று ஒரு திட்டம் செய்தார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பைச் சேர்ந்த முழு நேர ஆராய்ச்சி மாணாக்கருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத் தொகையும் ஏற்பட்டது. பிள்ளைப்பேற்றுக்காக 240 நாள் வரை விடுமுறை எடுக்கலாம் என்பது 2016-ஆம் ஆண்டு முதல் விதியாயிற்று. “ஆராய்ச்சிக்குப் போனால் கல்யாணம் என்ன ஆவது?” என்று கேட்கும் அத்தைமார்களுக்கு இந்த ஒரு விதியே பதில்.

மூன்று மாணாக்கர், ஒரே மேஜை

இவ்வளவு இருந்தும் குறை என்ன என்று கேட்கலாம். குறை இருக்கிறது.

அரசுக் கல்லூரி ஒன்றில், ஒரே பரிசோதனை மேஜையில், மூன்று மாணாக்கர் நிற்பதாக வைத்துக் கொள்வோம். மூவருக்கும் ஒரே பேராசிரியர், ஒரே விதமான வேலை, ஒரே புகை. முதலாமவர் நெட் பரீட்சையில் மேலிடத்தில் தேறியவர். ஐந்து வருஷத்தில் 24 லட்சம். இரண்டாமவருக்கு ராஜ்ய சர்க்காரின் உபகாரச் சம்பளம். மூன்று வருஷத்தில் 9 லட்சம். மூன்றாமவர் இரண்டிலும் சில மார்க்கில் தவறியவர். அவருக்கு ஒன்றுமில்லை, அவரே சர்வகலாசாலைக்குக் கட்டணம் கட்ட வேண்டும். மத்திய சர்க்காரின் சர்வகலாசாலையில் அவர் இருந்திருந்தால் நெட் தேறாதவர்க்கென்று மாதம் 8,000 ரூபாயாவது கிடைத்திருக்கும். அதையும் நிறுத்துவதென்று 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் மானியக் குழு தீர்மானித்து, டில்லியில் மாணாக்கர்கள் அந்த ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து கிளர்ச்சி செய்த பிறகே நிறுத்தாமல் விட்டார்கள். ராஜ்யங்களின் சர்வகலாசாலைகளில் படிப்போர் அந்த 8,000-க்கும் உரியவரல்லர். கிராமத்துப் பிள்ளைகள் அதிகமாய்ச் சேரும் இடங்களோ இவைதாம்!

மூன்றாமவர் அறிவில் குறைந்தவரா? அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே ரசாயனம் பயின்ற பிள்ளை, கேள்வியின் ரசாயனத்தோடு அதன் பாஷையோடும் மல்லாட வேண்டியிருக்கிறது. சுதந்திர தேசத்தில் இந்தக் குறை நீடிப்பது அழகன்று.

அடுத்த குறை, படிக்கட்டில் ஒரு படி இல்லாமை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று நம் ராஜ்ய சர்க்கார் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பையன்களுக்கும் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அது முதல் பட்டத்தோடு நின்றுவிடும்படி அமைந்தது. ஆராய்ச்சிச் சம்பளமோ எம்.எஸ்ஸி.க்குப் பிறகே ஆரம்பம். நடுவில் உள்ள எம்.எஸ்ஸி. இரண்டு வருஷமும், அதன் பின் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு வருஷமும் குடியானவர் குடும்பத்திற்கு இருட்டுப் பாதை. ஏணியின் மேல்படி பொன்னால் ஆனதாய் இருந்தென்ன, நடுப்படி இல்லையென்றால்?

மற்றொரு குறை, சொன்ன பணம் சொன்ன நாளில் வராதது. உபகாரச் சம்பளம் சில மாதங்கள் தாமதித்து மொத்தமாக வருவதென்பது ஆராய்ச்சி மாணாக்கர் எங்கும் சொல்லும் புகார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது தொந்தரவு; வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அது கடன். பரீட்சையே தள்ளிப் போவதும் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடக்க வேண்டிய பரீட்சையைச் சில நாளைக்கு முன் ஒத்தி வைத்து, ஜூலைக் கடைசியில் நடத்தினார்கள். ஒரு மாதம்தானே என்று தோன்றலாம். வாடகை அறையில் தங்கி, ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டுப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மாதம் பெரிது.

ரசாயனத்திற்கே உரிய வேடிக்கை ஒன்றும் அதே ஜூலையில் நடந்தது. 23-ஆம் தேதி பட்ஜெட்டில், பரிசோதனைச் சாலை ரசாயனங்களின் இறக்குமதி வரியை 10 சதவிகிதத்திலிருந்து ஒரே தாவாக 150 சதவிகிதமாக உயர்த்தினார்கள்! விஞ்ஞானிகள் திகைத்துப் போய்க் குரல் எழுப்பினார்கள். ஆகஸ்டு முதல் தேதியே, சொந்த உபயோகத்திற்கு வாங்குவோருக்குப் பழைய 10 சதவிகிதமே போதும் என்று உத்தரவு வந்தது. தவற்றை ஒன்பதே நாளில் திருத்தியதைப் பாராட்டுகிறோம். ஆனால், அந்த ஒன்பது நாட்களும் நமக்கு ஒரு பாடம் கற்பித்தன: மாணாக்கனுக்குச் சம்பளம் கொடுத்து விட்டு அவன் கையிலுள்ள புட்டியைப் பிடுங்கினால், சம்பளம் கொடுத்தும் பிரயோஜனமில்லை.

பிற தேசங்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் ரசாயனத்தில் டாக்டர் பட்டத்திற்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் படிப்புச் சம்பளம் கட்டுவதில்லை. இளைய மாணாக்கருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தோ, பேராசிரியரின் ஆராய்ச்சிப் பணத்திலோ மாதச் சம்பளம் பெறுகிறார்கள். ஹாலந்திலும் ஸ்வீடனிலும் ஆராய்ச்சி மாணாக்கர்கள் உத்தியோகஸ்தர்களாகவே பெரும்பாலும் கருதப்படுகிறார்கள். அங்கே ஆராய்ச்சி ஓர் உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு. இங்கேயோ மேஜைக்கு மேஜை, ஆளுக்கு ஆள், கூலி வேறுபடுகிறது.

நாம் செய்யக் கூடியது

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்காரிடம் கேட்போம். எம்.எஸ்ஸி. மாணாக்கருக்கும் மாதத் தொகை, நெட் தேறாத முழு நேர ஆராய்ச்சி மாணாக்கருக்கும் உயிர் தாங்கும் அளவுக்காவது ஒரு சம்பளம், மாதா மாதம் குறித்த தேதியில் பட்டுவாடா, தமிழிலும் வினாத்தாள். இந்த நான்கும் நடவாத காரியங்கள் அல்ல.

ஆனால், எல்லாவற்றையும் சர்க்காரே செய்யட்டும் என்று நாம் திண்ணையில் சாய்ந்து உட்கார்வது சுதந்திர ஜனங்களுக்கு அழகாகுமா? ராமகிருஷ்ண மடத்தார் சேஷாத்ரிக்கு உதவியதும், அழகப்பர் நிலம் கொடுத்ததும் சர்க்கார் உத்தரவினால் அல்லவே!

வேப்பந்தட்டையையே எடுத்துக் கொள்வோம். ஊரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு விவசாயச் சர்வகலாசாலையின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஜில்லாவில் எறையூரில் சர்க்கரை ஆலை. பக்கத்து அரியலூரில் சுண்ணாம்புக் கல்லும் அதைச் சுட்டு அரைக்கும் சிமெண்டு ஆலைகளும். பருத்தி நார் ரசாயனம். பருத்தி விதையிலுள்ள கோஸிபால் என்ற மஞ்சள் நச்சு ரசாயனம். கரும்புச் சாறு சர்க்கரையாவது ரசாயனம். கல் சிமெண்டாவதும் ரசாயனமே. இவ்வளவு ரசாயனம் சூழ்ந்த பூமியிலிருந்து ரசாயன டாக்டர்கள் புறப்பட வேண்டாமா? 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைப் பொது நன்மைக்குச் செலவிட வேண்டும். கல்வி அதில் அடக்கம். பஸ் நிழற்குடை ஒன்று குறைந்தாலும் பாதகமில்லை. மாணாக்கர் இருவருக்கு எம்.எஸ்ஸி. உபகாரச் சம்பளம் என்று கேட்டுப் பெறுவது ஊர்ப் பெரியவர்களின் வேலை.

அவ்வளவு கூட வேண்டாம். நூறு குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் எடுத்து வைத்தால் மாதம் 10,000 ரூபாய் சேர்கிறது. எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளை ஒன்று நெட் பரீட்சைக்கு ஒரு வருஷம் கவலையின்றிப் படிப்பதற்கு அது போதும். தேறி விட்டால், மறுவருஷம் முதல் தேசமே அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கும். அந்தப் பிள்ளை பிறகு நூற்றோராவது குடும்பமாகச் சேர்ந்து கொள்ளும். ஊர்த் திருவிழாவுக்கு வரி போடத் தெரிந்த நமக்கு இந்த வரி போடத் தெரியாதா?

கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பி.எஸ்ஸி. முதல் ஆண்டிலேயே பிள்ளைகளிடம் இந்த வழிகளையெல்லாம் சொல்லி விடுங்கள். நம் தேசத்து விஞ்ஞானக் கழகங்கள் மூன்றும் சேர்ந்து, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பெரிய விஞ்ஞானிகளிடம் போய்ப் பழகுவதற்குப் பணம் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. இந்தச் செய்தி பட்டணத்துப் பிள்ளையின் காதில் தானாக விழும். கிராமத்துப் பிள்ளைக்கோ யாராவது சொன்னால்தான் உண்டு. சொல்வதற்குக் காலணா செலவில்லை.

மீண்டும் அந்தத் திண்ணைக்குப் போவோம். பெண் கணக்கைச் சொல்லி முடித்து விட்டாள். தகப்பனார் இன்னும் பேசவில்லை. ஐந்து வருஷம் என்பது அவருக்கு ஐந்து மழைக் காலம். அவற்றில் எத்தனை பொய்க்குமோ, யாருக்குத் தெரியும்? ஆனால், விதைக்கிற தொழில் அவர் தொழில். மழை நிச்சயம் என்று தெரிந்து கொண்டு அவர் ஒரு வருஷமாவது விதைத்தது உண்டா?

“பரீட்சை எப்போது, கண்ணு?” என்று அவர் கேட்டால், நேயர்களே, அந்த ஒரு கேள்விக்காகத்தான் நாம் இவ்வளவும் எழுதினோம்.